உப்புவெளி வளவை விட்டுச் சிறிய வீட்டுக்குப் போகலாமா?

உப்புவெளி ரீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியில், 38 பேர்ச் (ஏறத்தாழ கால் ஏக்கர்) வளவில் உள்ள நான்கு அறை வீட்டில் நானும் என் கணவரும் மட்டும் வசித்து வருகிறோம். எனக்கு வயது 67, அவருக்கு 73. மூத்த மகள் கனடாவிலும் மகன் இலண்டனிலும் இருக்கிறார்கள். இளையவள் திருமணம் முடித்து மட்டக்களப்பில் இருக்கிறாள். காணி என் அம்மம்மாவுடையது, அதில் வீடு கட்டியவர் என் அப்பா. 1982ஆம் ஆண்டு எனக்குத் திருமணமானபோது இரண்டையும் சீதனமாக எழுதித் தந்தார்கள். ஆகவே காணி உறுதிப் பத்திரம் என் பெயரில்தான் உள்ளது.

நான்கு அறைகளில் இரண்டை வெள்ளிக்கிழமைகளில் கூட்டுவதற்காக மட்டுமே திறக்கிறேன். வளவு கூட்ட வந்த பிள்ளை வேலையை விட்டுப் போன பின்பு, வேம்பும் மாவும் உதிர்க்கும் சருகை நானே கூட்டுகிறேன். பாதி வளவு முடிவதற்குள் இடுப்பு நிமிர மறுக்கிறது. குளியலறை வீட்டுக்கு வெளியே கிணற்றடிப் பக்கமாக இருக்கிறது. கடந்த மாரியில் அங்கே பாசி பிடித்த சீமெந்தில் கணவர் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அன்றிலிருந்து அவர் இரவில் எழுந்து வெளியே போனால், அவர் திரும்பி வந்து படுக்கும்வரை எனக்கு நித்திரை இல்லை.

பிள்ளைகள் மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மகன், வீட்டை விற்றுவிட்டு நகரத்தில் பொது வைத்தியசாலைக்குக் கிட்ட இரண்டு அறை வீடு ஒன்றை வாங்கச் சொல்கிறான். இளையவள் தன்னோடு வந்து இருக்கும்படி கூப்பிடுகிறாள். மூத்தவள் வீட்டை விற்கவே கூடாது என்று தொலைபேசியில் அழுகிறாள். கணவரோ இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து விறாந்தைக்குப் போய்விடுவார். "1990இல் ஓடினது போதும். இனி நான் இந்த வாசலைத் தாண்டுவது நாலு பேர் தோளில்தான்" என்பது அவருடைய ஒரே பதில்.

அவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்த ஆண்டு ஆனி மாதம் போர் மூண்டபோது இரண்டு பிள்ளைகளும் ஒரு பையுமாக வெளியேறி, மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது சுவர்கள் மட்டுமே நின்றன. கதவு, யன்னல், நிலை, கூரை ஓடு எல்லாம் போயிருந்தன. ஒவ்வொரு நிலையையும் அவர்தான் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மரம் பார்த்து வாங்கிப் போட்டார். சாமியறை நிலையில் இளையவளின் உயரத்தை வருடாவருடம் பென்சிலால் கீறி வைத்த கோடுகள் இன்றும் இருக்கின்றன. வர்ணம் பூசும்போது அந்த ஒரு முழ இடத்தை மட்டும் விட்டுத்தான் பூசுவார்.

உடம்பில் பலம் இருக்கும்போதே சிறிய வீட்டுக்கு மாறுவதுதான் சரி என்று என் மனம் சொல்கிறது. மாறியவர்கள், மாறாமல் விட்டவர்கள், காணி அலுவல் தெரிந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுகிறேன். அவரை நோகடிக்காமல் இதைச் செய்ய வழி உண்டா என்பதே எனக்கு முதன்மையான கேள்வி.

காளி கோயிலடி எழுதியது:

ரீச்சர், நாங்கள் நான்கு வருடங்களுக்கு முன் சாம்பல்தீவிலிருந்து பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு அண்மையில் இரண்டு அறை வீடொன்றுக்கு வந்தோம். வந்ததையிட்டு நான் ஒரு நாளும் வருந்தவில்லை. கோயிலுக்கு நடந்து போகிறேன், மருந்துக்கு ஓட்டோ பிடிக்கத் தேவையில்லை, மாலையில் இவரோடு கடற்கரைப் பக்கமாக நடந்து மான்கள் மேய்வதைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் வருவதற்கு முந்திய பதினொரு மாதங்கள் எளிதாக இருக்கவில்லை. அந்தப் பதினொரு மாதங்களைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு ஒரு பழைய போத்தலைக்கூட எறிய மனம் வராது. என் வீட்டில் மூடி இல்லாத ஹோர்லிக்ஸ் போத்தல்கள் மட்டும் 40க்கு மேல் இருந்தன. பிள்ளைகள் விடுமுறையில் வந்து இரண்டு நாளில் எல்லாவற்றையும் ஒதுக்கித் தருகிறோம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. பிறர் கை பட்டுச் சாமான் வெளியே போவதைப் பார்க்கும்போது அந்தப் பழைய நாட்கள்தான் நினைவுக்கு வருகின்றன. வாரத்துக்கு ஓர் அலுமாரி என்று நானே திறந்து, நானே பார்த்து, யாருக்கு எது என்று நானே முடிவு செய்தேன். உரலையும் உலக்கையையும் பக்கத்து வளவுப் பிள்ளை கேட்டு வாங்கினாள், இன்றும் அவள் மா இடிக்கிறாள். அம்மாவின் பெட்டகம் புதிய வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை. அளந்து பார்க்காமல் லொறியில் ஏற்றிவிட்டோம், ஒரு பகல் முழுவதும் அது தெருவில் நின்றது, கடைசியில் தங்கை வீட்டுக்குப் போனது. ஆகவே எதை ஏற்றுவதற்கு முன்னும் வாசலையும் சாமானையும் நாடாவால் அளந்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று. எங்கள் பழைய வீட்டில் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒரு துணிப் பை தொங்கும். காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், அடையாள அட்டைப் பிரதி, கொஞ்சக் காசு ஆகியவை அதற்குள் இருக்கும். 1990க்குப் பிறகு ஒரு நாளும் அது அந்த ஆணியிலிருந்து இறங்கியதில்லை. உங்கள் வீட்டிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். புதிய வீட்டுக்கு வந்த அன்று, பால் காய்ச்சுவதற்கு முன்பே என் கணவர் சுத்தியலை எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஆணி அடித்து அந்தப் பையை மாட்டினார். அதன் பிறகுதான் அவர் கதிரையில் இருந்தார். அவருக்கு அதுவரை அது யாரோ ஒருவருடைய வீடு. உங்கள் ஐயாவுக்கும் அப்படி ஏதோ ஒன்று இருக்கும். அது எது என்று பாருங்கள், ரீச்சர்.

விற்றுச் சிறிதாக வாங்குவது, மகள் வீடு, விற்காமல் இருப்பது என்று மூன்று வழிகளை எழுதியிருக்கிறீர்கள். நான்காவதாக ஒன்று நம்மிடையே பழைய காலத்திலிருந்தே உண்டு. மகளுக்குக் கலியாணம் முடிந்ததும் பெரிய வீட்டை அவளுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவில் பின்பக்கமாகச் சிறிதாய் ஒரு வீடு போட்டு ஒதுங்குவார்கள். என் அம்மம்மா அப்படித்தான் இருந்தா. யாரும் அதை வீட்டை விட்டுப் போனதாகச் சொன்னதில்லை. 38 பேர்ச் வளவில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கும்.

உறுதி எழுதும் நொத்தாரிசு அலுவலகத்தில் 31 வருடம் வேலை செய்தவர் எழுதியது:

அம்மா, எந்த வழியில் போனாலும் கடதாசி அலுவல் சரியாக இருக்க வேண்டும். நான் வேலை செய்த காலத்தில் வயோதிபப் பெற்றோர் கண்ணீரோடு வந்து இருந்த வழக்குகள் பெரும்பாலும் ஒரே தவறிலிருந்து தொடங்கியவை. பாசத்தில் முழு உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டு, தாங்கள் இருக்கும் உரிமையை எழுத மறந்துவிடுவார்கள்.

பிள்ளைக்குக் கொடுப்பதாக இருந்தால் நன்கொடை உறுதியில் உங்களுக்கும் கணவருக்கும் சீவிய உருத்தை ஒதுக்கி எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதினால் காணி பிள்ளையின் பெயருக்குப் போனாலும், நீங்கள் இருவரும் உயிரோடு உள்ளவரை அங்கே வசிக்கவும், அதை வாடகைக்குக் கொடுத்து வருமானம் எடுக்கவும் முடியும். கணவரின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். உறுதி உங்கள் பெயரில் இருப்பதால் உங்களுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, உங்களுக்குப் பின் அவர் நிலை என்ன என்பதை யாரும் யோசிக்காமல் விட்ட சம்பவங்களைக் கண்டிருக்கிறேன். மீளப் பெற முடியாதது என்று எழுதிய நன்கொடையைப் பிறகு இரத்துச் செய்வது எளிதல்ல. பிள்ளை மிக மோசமாக நன்றி மறந்து நடந்தது என்பதை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதைப் பற்றியது. பராமரிக்காமல் விடும் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் அந்தக் கதவுகளைத் தட்ட வேண்டிய நிலை வராமல் முதலிலேயே எழுதிக்கொள்வதுதான் நல்லது.

எதையும் எழுதாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பொதுச் சட்டத்தின்படி, நீங்கள் முதலில் காலமானால் உங்கள் ஆதனத்தில் பாதி கணவருக்கும், மறுபாதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகவும் போகும். அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறில் ஒரு பங்கு. அதன் பின் ஒரு மூலையை விற்பதற்குக்கூட கனடா, இலண்டன், மட்டக்களப்பு என்று எல்லா இடத்துக் கையொப்பங்களும் வேண்டும், வர முடியாதவர் தன் சார்பில் கையொப்பமிட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் அனுப்ப வேண்டும். மரண சாசனம் எழுதுவதானால் நொத்தாரிசின் முன் இரண்டு சாட்சிகளோடு எழுதலாம், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். கணவர் யாழ்ப்பாணத்தவராக இருந்து, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை உங்களுக்குப் பொருந்துமானால், உங்கள் பெயரில் உள்ள காணியை விற்கவும் கொடுக்கவும் அவருடைய எழுத்து மூலமான சம்மதம் தேவைப்படும். நொத்தாரிசிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நகரத்தில் வீடு வாங்குவதானால், உறுதி எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள். நம் மாவட்டத்தில் அரசு அனுமதிப்பத்திரத்தின் பேரில் கொடுத்த காணிகள் நிறைய உண்டு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. வெறும் தாளில் எழுதிக் காசு வாங்கிக்கொண்டு போனவர்களை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். தனியார் உறுதியாக இருந்தால் காணிப் பதிவகத்தில் கடந்த 30 வருடப் பதிவுகளைத் தேடிப் பார்க்கச் செய்யுங்கள். வாங்குபவர் செலுத்தும் முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேலே ஒருவர் சொன்னபடி பின்வளவில் கட்டிவிட்டுப் பெரிய வீட்டை வாடகைக்குக் கொடுப்பதும் நல்ல வழிதான். ஆனால் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு மூலம் எழுதப்பட்டால்தான் சட்டத்தின் முன் நிற்கும். தெரிந்தவர், நல்ல பிள்ளைகள் என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள்.

பழைய வங்கி ஊழியர் எழுதியது:

சுருக்கமாக ஒன்றைச் சொல்கிறேன். விற்பதானால், அடுத்த வீட்டைப் பேசி முடித்துவிட்டு விற்றுக்கொள்ளுங்கள். என் உறவினர் ஒருவர் 2021இன் இறுதியில் வீட்டை விற்று, ஆறுதலாக வேறு வீடு பார்க்கலாம் என்று காசை நிலையான வைப்பில் போட்டார். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. வங்கிப் புத்தகத்தில் இருந்த தொகை ஒரு ரூபாவும் குறையவில்லை, வட்டியும் சேர்ந்திருந்தது. ஆனால் அந்தத் தொகைக்கு அவர் முதலில் பார்த்த வீட்டின் பாதியைக்கூட வாங்க முடியவில்லை. 71 வயதில் அவர் இன்று வாடகை வீட்டில் இருக்கிறார்.

கட்டட வேலை மேற்பார்வையாளர் எழுதியது:

அம்மா, பின்வளவில் கட்டுவதென்று முடிவெடுத்தால் சில விடயங்களை வரைபடம் கீறும் முன்பே சொல்லிவிடுங்கள். கட்டி முடித்த பின் திருத்துவது இரட்டைச் செலவு.

இருவருக்கு 600 முதல் 650 சதுர அடி போதும். ஓர் அறை உங்களுக்கு, சிறிய அறை ஒன்று வந்து போகும் பிள்ளைக்கு அல்லது நாளைக்கு உதவிக்கு நிற்பவருக்கு. எல்லாக் கதவுகளையும் மூன்று அடி அகலத்துக்குப் போடுங்கள், குளியலறைக் கதவையும் அப்படியே. நம் ஊரில் குளியலறைக்கு இரண்டரை அடிக் கதவு போடுவது வழக்கம், நிலையும் கதவும் கழிந்தால் சக்கர நாற்காலி அதற்குள் போகாது. குளியலறைக்கு வழுக்காத ரைல் போட்டு, அறைத் தரையும் குளியலறைத் தரையும் படி இல்லாமல் ஒரே மட்டத்தில் வரும்படி, தண்ணீர் வழியும் வாட்டத்தை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். கொமட் இருக்கையின் உயரம் நிலத்திலிருந்து 17 முதல் 19 அங்குலம் இருந்தால் முழங்கால் நோவுள்ளவர் எழும்புவது சுலபம். பக்கத்தில் பிடித்து எழும்ப 33 முதல் 36 அங்குல உயரத்தில் ஒரு துருப்பிடிக்காத குழாய் வேண்டும். உள்ளே துவாரமுள்ள சீமெந்துக் கல்லில் கட்டினால் அந்த இடத்தை மட்டும் கொங்கிரீட்டால் நிரப்பிவிட்டுத்தான் ஆணி இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் பாரம் விழும் அன்று குழாய் கையோடு வந்துவிடும்.

வாசலில் படியோடு சேர்த்துச் சரிவும் வையுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அத்திவாரம் ஒன்றரை அடி உயர்ந்தால் பதினெட்டு அடி நீளச் சரிவு வரும், அதற்கு முன்கூட்டியே இடம் விட வேண்டும்.

திசையும் முக்கியம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேற்குச் சுவர் இரவு பத்து மணிக்கும் சூடு கக்கும், ஆகவே படுக்கையறையை மேற்கில் வைக்காதீர்கள். அந்தப் பக்கம் குசினியும் குளியலறையும் வரட்டும், அங்கே நிற்கும் மரம் ஒன்றையும் வெட்ட விடாதீர்கள். மாரி மழை வடகிழக்கிலிருந்து சாய்த்து அடிப்பதால், விறாந்தை அந்தப் பக்கமாக இருந்தால் தாழ்வாரத்தை மூன்று அடிக்குக் குறையாமல் இறக்க வேண்டும். ஐப்பசி பிறப்பதற்குள் கூரை போட்டுவிட முடியும் என்றால் மட்டும் அத்திவாரம் வெட்டத் தொடங்குங்கள். முதலில் உரிய சபையில் வரைபட அனுமதி எடுங்கள். நாளைக்குக் காணியைப் பிரித்து எழுதும் எண்ணம் இருந்தால், நில அளவையாளரைக் கொண்டு தனித் துண்டாகவும் அதற்கு வழியும் விட்டு இப்போதே அளப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இலண்டனில் இருக்கும் மகள் ஒருத்தி எழுதியது:

அன்ரி, உங்கள் மூத்த மகளைப் போலத்தான் நானும் அழுதேன். பாலையூற்றில் இருந்த எங்கள் வீட்டை விற்க வேண்டாம் என்று அம்மாவிடம் ஐந்து வருடங்களாக மன்றாடினேன். அந்த ஐந்து வருடங்களில் நான் அங்கே நின்றது மொத்தம் 33 நாட்கள். மிகுதி நாட்களெல்லாம் அந்த வீட்டை அம்மாதான் தனியாகக் கூட்டினா, பூட்டினா, மழைக்கு ஒழுகிய இடங்களில் வாளி வைத்தா. ஒரு நாள் காலையில் குசினியில் விழுந்து, பால் கொண்டு வருபவர் பிற்பகலில் வரும்வரை நிலத்திலேயே கிடந்தா. இப்போது தங்கையோடு இருக்கிறா, பேச்சு குறைந்துவிட்டது.

உங்கள் மகளிடம் விற்பதைப் பற்றிக் கேட்காதீர்கள். அப்பா விழுந்த இடத்தை வீடியோவில் காட்டுங்கள். இரவில் கிணற்றடிவரை எத்தனை அடி நடக்கிறார் என்று காட்டுங்கள். எனக்கு ஒருவரும் அதைக் காட்டவில்லை. என் மனத்தில் இருந்ததெல்லாம் நான் விட்டு வந்தபோது இருந்த வீடும், அப்போது 52 வயதாக இருந்த அம்மாவும்தான்.

உப்புவெளி ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. பதில்களை அச்சிட்டு எடுத்து, எதுவும் சொல்லாமல் அவருடைய கதிரையில் வைத்தேன். இரண்டு நாள் அவரும் எதுவும் சொல்லவில்லை. கோயிலடி அக்கா எழுதிய பையைப் பற்றிய பகுதியை மட்டும் மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்திருந்ததை, உடுப்பு ஊறப்போடும்போது கண்டேன். எங்கள் பை சாமியறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

இங்கே எழுதிய இலண்டன் மகள் சொன்னபடி மூத்தவளுக்கு வீடியோவில் கிணற்றடியைக் காட்டினேன். நிறைய நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, இவ்வளவு தூரமா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த நாள் அவளே தம்பியோடும் தங்கையோடும் பேசியிருக்கிறாள். விற்பதில்லை. பின்வளவில் கட்டுவது, பெரிய வீட்டை இரண்டு வருடக் குத்தகைக்கு எழுதிக் கொடுப்பது, எங்கள் இருவரின் பெயரிலும் சீவிய உருத்தை ஒதுக்கி உறுதி முடிப்பது என்று மூவரும் ஒத்துக்கொண்டார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்தத் துண்டு என்பதை இன்னும் பேசவில்லை. அதற்கு இளையவள் நேரில் வர வேண்டும்.

அவரிடம் நான் கட்டுவதைப் பற்றிச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேற்று மாலை நான் கடையிலிருந்து வரும்போது, மாமரத்துக்குக் கிழக்கே நான்கு முளைகள் அடித்துச் சணல் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்குள்ளே கதிரை போட்டு இருந்துகொண்டு, மேற்கு வெயில் எந்த நேரத்தில் மரத்துக்குப் பின்னால் மறைகிறது என்று கையில் மணிக்கூட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார். சாமியறை நிலையைக் கழற்றி இங்கே கொண்டுவந்து வைக்க முடியுமா என்று மேசனிடம் கேட்க வேண்டும் என்றார். மேற்பார்வையாளர் ஐயா, அந்த நிலை இரண்டே முக்கால் அடி அகலம். அதை எந்த வாசலுக்கு வைக்கலாம் என்று தயவுசெய்து எழுதுங்கள்.